சந்தேகத்துக்கு இடமான வேகம்

ஒரு மனிதர் எந்த வீட்டில் குடியிருக்கிறாரோ அந்த வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று எழுதிக் கொடுப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அவர் சொன்னால் போதாது. அவர் மனைவி சொன்னாலும் போதாது. வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்காக வாசலில் வந்து நின்று கத்தினாலும் அது செல்லாது. அந்த அலுவலகம் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் மனிதர் தன் வீட்டில் முறைப்படி குடியிருக்கத் தொடங்குவார். வங்கிக்கும் பள்ளிக்கும் ஓய்வூதியத்துக்கும் அது வேண்டும் என்பதால், உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் என்றைக்காவது ஒருநாள் அந்தக் கவுன்டருக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

கவுன்டருக்கு உட்புறம் இருந்தவளை எல்லாரும் கவுன்டர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் அப்பா வயதுள்ளவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். காரியம் ஆக வேண்டியிருக்கும்போது வயதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அக்காவுக்கு முன்னால் ஒரு லேப்டாப் இருந்தது. மூடியின் ஒரு மூலையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காலையில் பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு, யாரோ உள்ளே உட்கார்ந்து கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தகர டப்பாவில் போடுவது போன்ற சத்தம். திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். அதற்குள் அக்கா மேஜையைத் துடைத்து, முத்திரை மைப்பஞ்சை நனைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, டீ குடித்து, தம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் தன்னைச் சும்மா இருப்பவள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பாள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து சக்கரத்தைப் பார்ப்பார்கள். சில பேர் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவதும் உண்டு.

திறந்த பிறகும் அப்படித்தான். ஒரு பெயரைத் தட்டிவிட்டால் அது கூழாங்கல் போட்டு யோசிக்கும். சான்றிதழ் ஒன்று வெளியே வருவதற்குள் விண்ணப்பித்தவர் வீடு மாறிவிடக் கூடும் என்று வரிசையில் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். ஒன்றிரண்டு பேர் விஷயத்தில் அது நடந்தும் இருக்கிறது.

வரிசையில் கடைசி ஆள் போகும்வரை கவுன்டரை மூடக் கூடாது என்பது விதி. அதனால் அக்கா வீடு போய்ச் சேரும்போது அவளுடைய பாப்பா கீழ்வீட்டில் நாத்தனார் மடியில் தூங்கிப் போயிருப்பாள். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவதுதான் அக்கா தன் மகளோடு செலவிடும் நேரம். காலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீ இன்னைக்குச் சாப்பிட்டுட்டுத்தான் போவியா?" என்று விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டாள். அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் தெருமுனையில் இருந்த ரிப்பேர் கடைக்காரரிடம் போனாள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க் பழசு, அதில் ஒரு தட்டு சுற்றிச் சுற்றித் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்று ஒன்றைப் போட்டால் சுற்றுகிற வேலையே கிடையாது, கேட்டதும் கொடுத்துவிடும் என்றார். லேப்டாப்பில் மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். அக்கா அன்றைக்கே அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தாள்.

பதில் தலைமை அலுவலகம்வரை போய்த் திரும்பி வந்தது. "மேற்படி சாதனம் இயங்கும் நிலையில் உள்ளதாலும், மெதுவாக இயங்குதல் என்பது இயங்குதலின் ஒரு வகையே ஆதலாலும், பழுது எதுவும் இல்லாத சாதனத்தைப் பழுது பார்க்க விதிகளில் இடமில்லை என்று இதன்மூலம் அன்புடன் தெரிவிக்கப்படுகிறது."

அதிகாரி கெட்டவர் இல்லை. அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"நின்னு போனா சொல்லும்மா. அடுத்த நிமிஷம் புதுசுக்கு எழுதறேன். ஓடிட்டு இருக்கிறதை நான் என்னன்னு எழுதறது?"

"நின்னும் போக மாட்டேங்குது சார்."

"அப்போ நல்ல மிஷின்தானே?" என்றார் அவர்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் வேகத்துக்கு மவுசு வந்தது.

எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று எல்லா அலுவலகங்களிலும் அதிவேக நிர்வாக ஆண்டு அறிவிக்கப்பட்டது. எல்லாரும் கழுத்தில் நாடா போட்டு அட்டை மாட்டிக்கொண்டார்கள். அட்டையில் ஒரு மின்னல் இருந்தது. வேகம் பற்றிய பயிற்சி வகுப்பு ஒரு மண்டபத்தில் நடந்தது. பேச வேண்டியவர் வர நேரமானதால் அது மறுநாளும், அதற்கு மறுநாளும் நீடித்தது. நின்றுகொண்டே கூட்டம் நடத்தினால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அதிகாரி திரும்பி வந்ததும் நின்றபடிக் கூட்டத்தை அறிமுகப்படுத்தினார். கூட்டம் நீண்டுகொண்டே போய் எல்லாருக்கும் கால் கடுத்ததால், நின்றபடிக் கூட்டத்துக்கு நாற்காலிகள் போடப்பட்டன.

எதிர்த் தெருவில் இருந்த நில அளவை அலுவலகம் வாசலில் ஓடுகிற குதிரை படம் போட்டு ஒரு பேனர் கட்டியது. அதைப் பார்த்த நாளிலிருந்து நம் அதிகாரிக்குத் தூக்கம் போய்விட்டது. குதிரையைவிட வேகமான மிருகம் எது என்று ஊழியர்களிடம் கருத்துக் கேட்டு, சிறுத்தை படம் போட்டுப் பெரிய பேனராகக் கட்டினார். அதில் கவுன்டரின் ஜன்னல் பாதி மறைந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: தங்கள் அலுவலகத்தில் வேகப்படுத்தப்பட்டது என்ன, புகைப்படத்துடன் தெரிவிக்கவும்.

சிறுத்தையைத் தவிர அங்கே வேறு எதுவும் வேகமாக இல்லை. அதிகாரி யோசித்துப் பார்த்து, கவுன்டர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த எஸ்எஸ்டியோ என்னவோ, அதைப் போட்டுவிடலாம் என்றார்.

போடுவது சுலபமாக இல்லை. அலுவலகத்துக்குள் எந்தப் பொருள் வந்தாலும் ஸ்டோர்க்காரர் கையைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் எஸ்எஸ்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சோப்பு டப்பா மூடியளவு இருந்தது. காதருகே வைத்து ஆட்டினார்.

"உள்ளே ஒண்ணும் இல்லையே" என்றார்.

"அது அப்படித்தான் அண்ணே. சுத்துற சாமான் ஒண்ணும் அதுல கிடையாதாம்" என்றாள் அக்கா.

சுற்றாத, ஆடாத, சத்தம் போடாத ஒரு பொருளை இயந்திரம் என்று வரவு வைக்க அவர் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. தளவாடம் என்றால் கால் இருக்க வேண்டும். மின்சாதனம் என்றால் சொந்தமாக ஒரு வயர் இருக்க வேண்டும். கடைசியில் அவர், "இது என்னம்மா வேலை செய்யும்?" என்று கேட்டார். எழுதுகிறதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் என்று அக்கா சொன்னாள். ஸ்டோர்க்காரர் முகம் மலர்ந்தது. எழுதுகிறதை வாங்கி வைத்துக்கொள்வதற்கு அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. அதற்குக் காகிதம் என்று பெயர். ஆகவே எஸ்எஸ்டி எழுதுபொருள் பிரிவில், பென்சிலுக்கும் பசைக் குப்பிக்கும் நடுவில் வரவு வைக்கப்பட்டது.

"மாசக் கடைசியில வந்து பார்ப்பேன்" என்றார் அவர். "எழுதுபொருள்னா தேயணும். எவ்வளவு தேஞ்சிருக்குன்னு எழுதணும்."

ரிப்பேர் கடைக்காரர் ஒரு நாள் மத்தியானம் வந்து, பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தார். அதிகாரி புகைப்படத்துக்காகத் திருப்புளியைக் கையில் வாங்கிக்கொண்டார். கைப்பிடிப் பக்கத்தைத் திருகாணியில் வைத்து அவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற அந்தப் படம் பிறகு தலைமை அலுவலக மலரில் வந்தது. பழைய டிஸ்க் காயலான் கடைக்குப் போனது.

பொத்தானை அழுத்தினார்கள். எல்லாரும் பழக்கதோஷத்தில் டீக்குச் சொல்லி அனுப்பினார்கள். சொல்லி அனுப்பின ஆள் வாசலைத் தாண்டுவதற்குள் திரை தயாராக வந்து நின்றது. பெருமூச்சு இல்லை, கூழாங்கல் இல்லை.

அதிகாரி லேப்டாப்பின் மேல் குனிந்து காது கொடுத்துப் பார்த்தார். "சத்தமே வரலையே. வேலை செய்யுதா?"

செய்கிறது என்றாள் அக்கா. அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. முப்பது வருஷ உத்தியோகத்தில் சத்தம் போடாமல் வேலை செய்கிற எதையும் அவர் பார்த்ததில்லை.

அந்த வாரம் அக்காவின் வாழ்க்கையே வேறாக இருந்தது. கைப்பையை மேஜையில் வைப்பதற்குள் லேப்டாப் காத்துக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தைக் கொடுத்தவர் பர்ஸை மூடி முடிப்பதற்குள் சான்றிதழ் கையில் இருந்தது. நாள் முழுக்க நிற்பதற்குத் தயாராகக் குடையும் தலையணையும் கொண்டுவந்தவர்கள் அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். மத்தியானத்துக்கு முன்பே வரிசை கரைந்தது. நடைக்கூடத்தின் தரை என்ன நிறம் என்பது அப்போதுதான் ஊழியர்களுக்குத் தெரிந்தது.

வெயில் இருக்கும்போதே அக்கா வீட்டுக்குப் போனாள். பாப்பா கீழ்வீட்டு வாசலில் நின்றவள், ஓடி வரவில்லை. "ஏம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றதும்தான் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பள்ளியில் யார் யாரோடு பேசுவதில்லை என்கிற கதையெல்லாம் அக்கா தெரிந்துகொண்டாள். சாப்பிட்ட பிறகு பாப்பா வீட்டுக்கணக்கு நோட்டோடு உட்கார்ந்தாள்; அக்கா தட்டைக் கழுவிவிட்டு வருவதற்குள் நோட்டை நீட்டினாள்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"ம்."

"பார்த்துத்தான் போட்டியா? இவ்வளவு சீக்கிரம் போட்டா எப்படிச் சரியா இருக்கும்? இன்னொரு தடவை போட்டுக் கொண்டா" என்றாள் அக்கா. பாப்பா போய் மறுபடி போட்டாள். விடை அதேதான் வந்தது.

இப்படி ஒரு வாரம். அதற்குப் பிறகு பஸ் டிரைவர் வந்தார்.

அவர் ஓய்வு பெற்றவர். மகள் வீட்டோடு குடி வந்திருந்தார். ஓய்வூதியத்தை இங்கே உள்ள வங்கிக்கு மாற்றிக்கொள்வதற்காக முந்தின வாரம் வந்து சான்றிதழ் வாங்கிப் போயிருந்தார். போகும்போது அக்காவை வாயார வாழ்த்தினார். இப்போது அதே சான்றிதழைக் கவுன்டரில் வைத்து, ரகசியம் போலக் குனிந்து பேசினார்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இது போலின்னு பேங்க்ல சொல்லிட்டாங்க."

சான்றிதழின் அடியில் தேதியோடு விண்ணப்பித்த நேரமும் வழங்கிய நேரமும் தானாகவே அச்சாகும். இரண்டும் ஒன்றாக இருந்தன. வங்கிக்காரர் அதைத்தான் சுட்டிக் காட்டியிருந்தார். முத்திரை சரி, கையெழுத்து சரி, எழுத்துக்கூட நேராக இருக்கிறது. ஆனால் இந்த ஒன்று உதைக்கிறது என்றாராம்.

அக்கா வங்கிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க ஆபீஸைப் பத்தி எங்களுக்கு நல்லாத் தெரியும் மேடம். நானே அங்கே ரெண்டு நாள் நின்னிருக்கேன். போலி அடிக்கிறவன் மத்ததையெல்லாம் சரியா அடிச்சிட்டு, இதுல மாட்டிக்கிட்டான் பாருங்க."

"நான்தான் சார் கொடுத்தேன்."

"அப்படித்தான் சொல்லுவாங்க மேடம்" என்று அவர் வைத்துவிட்டார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை என்று ஒரு தாய். கடையை வாடகைக்கு விட மறுத்துவிட்டார்கள் என்று ஒரு தையல்காரர். சான்றிதழ் செல்லுபடியானவர்களுக்கும் மனக்குறை இருந்தது. நாள் முழுக்க லீவு போட்டுவிட்டு வந்து ஒரு நொடியில் அனுப்பிவிட்டார்களே, தன்னைப் பற்றி யாரும் எதையும் சரிபார்க்கவில்லையா, அவ்வளவு அலட்சியமா என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். மற்றவர்கள் எல்லாரும் நடைக்கூடத்தில் நின்று பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த ஊரில் ஒரு காரியம் சீக்கிரம் நடந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். தன்னிடம் ஒன்றும் வாங்கவில்லை என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்படியானால் மற்றவர்களிடம் வாங்கியிருக்கிறாள்.

அக்காவின் மேல் மொட்டைக் கடுதாசி போனது. தலைமை அலுவலகம் அந்த ஆண்டு அதிவேகமாக இருந்ததால் விசாரணை அதிகாரி உடனே வந்து சேர்ந்தார்.

நிரூபணமானால் எல்லைக் கிளைக்கு மாற்றல். அங்கே போனவர்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். இதை அதிகாரி அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். பதறாமல் இருப்பதற்காகச் சொன்னதாகவும் சொன்னார்.

விசாரணை அதிகாரி நிதானமானவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"சான்றிதழைச் சீக்கிரமாக் கொடுத்தீங்களா?"

"ஆமா சார்."

"யார்கிட்ட என்ன வாங்கினீங்க?"

"யார்கிட்டேயும் ஒண்ணும் வாங்கலை சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவளை வருத்தத்தோடு பார்த்தார்.

"வாங்கியிருந்தா எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம்மா. இனிமே வாங்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்கலாம். ஒண்ணுமே வாங்காம ஒருத்தர் வேலையைச் சீக்கிரம் செய்யறாங்கன்னா, என்ன நோக்கத்துக்காகன்னு நான் எழுதறது?"

"லேப்டாப் வேகமாயிடுச்சு சார்."

"லேப்டாப்பை வேகமாக்க உத்தரவு இருக்கு. பார்த்தேன். நீங்க வேகமாகணும்னு அதுல எங்கேயாவது இருக்கா?"

இல்லை என்று அக்கா தலையாட்டினாள்.

"அப்போ நீங்களா ஆகியிருக்கீங்க. எதுக்கு?"

அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. "வீட்டுக்குப் போகணும் சார்" என்றாள். "பாப்பா தூங்கறதுக்கு முன்னாடி."

விசாரணை அதிகாரியின் முகம் தெளிந்தது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று பேனாவை எடுத்து, நோக்கம் என்ற இடத்தில் 'சொந்த ஆதாயம்' என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் அதிகாரி நாற்காலிகளோடு ஒரு நின்றபடிக் கூட்டம் கூட்டினார். அவரும் கலங்கித்தான் போயிருந்தார். திருப்புளி பிடித்த படம் வெளிவந்துவிட்டது. அக்கா குற்றவாளி என்றால் திருப்புளி பிடித்தவர் உடந்தை. லேப்டாப்பில் பழைய டிஸ்க்கையே திரும்ப மாட்டிவிடலாமா என்று யோசித்தார்கள். அது காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. சரி, எஸ்எஸ்டியைக் கழற்றி ஸ்டோரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அதிகாரி. ஸ்டோர்க்காரர் எழுந்து நின்று மறுத்தார். எழுதுபொருளை ஒரு முறை கொடுத்தால் கொடுத்ததுதான், தேய்ந்து தீருகிறவரை திரும்ப வாங்க முடியாது என்றார். மாதக் கடைசியில் அவர் ஸ்கேலோடு வந்து எஸ்எஸ்டியை அளந்து பார்த்திருந்தார். கொஞ்சம்கூடத் தேயவில்லை. அக்கா அதை உபயோகிக்கவே இல்லை என்று அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்தது.

ஆக, வேகத்தை வெளியே எடுக்க வழியில்லை. அதை உள்ளேயே வைத்து நிர்வகிப்பது ஒன்றுதான் பாக்கி.

"வேகமா இருக்க வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். நாட்டுக்கு வேகம் வேணும்" என்றார் அதிகாரி. "ஆனா அதை ஜனங்க மேல போட்டுடக் கூடாது. அவங்க பயந்துடறாங்க."

மறுநாள் பக்குவ காலம் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பங்கள் பெறப்பட்டதும், அவற்றில் அடங்கியுள்ள உண்மை தானாகவே கனிந்து வெளிப்படும் பொருட்டு, ஒரு வார காலம் அமைதியான சூழலில் வைக்கப்படும். இதற்கென ஓர் இரும்பு அலமாரி வாங்கப்பட்டது. அலமாரிக்குச் சொந்தமாகக் கால்கள் இருந்ததால் ஸ்டோர்க்காரர் மகிழ்ச்சியோடு வரவு வைத்தார். அக்கா விவரங்களை எல்லாம் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, வழங்கு என்கிற கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தாமல், விண்ணப்பத்தை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து எடுத்து அழுத்த வேண்டும். ஜனங்கள் அதைப் பழுக்கப் போடுவது என்றார்கள்.

சத்தம் இல்லாத குறைக்கும் வழி பிறந்தது. கவுன்டர் ஓரத்தில் ஒரு பழைய மேஜை விசிறி, யார் மேலும் காற்றுப் படாதபடி சுவர் பக்கம் திருப்பி வைக்கப்பட்டது. அது கடகடவென்று ஓடியது. உள்ளே வேலை நடக்கிறது என்பது நடைக்கூடத்தின் கடைசிவரை கேட்டது.

வரிசை திரும்பி வந்தது. முன்பைவிட நீளமாக வந்தது. கொடுக்க வந்தவர்கள் ஒரு வரிசை, பழுத்துவிட்டதா என்று கேட்க வந்தவர்கள் ஒரு வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவில் தகராறு வராமல் இருக்கக் கயிறு கட்டினார்கள். சண்டைக்கு வந்த அந்த மனிதர் இப்போது அமைதியாகத் தலையணையில் சாய்ந்து விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பஸ் டிரைவர் புதிதாக எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வந்து, மத்தியானம்வரை நின்று சான்றிதழை வாங்கினார். இரண்டு தேதிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இப்பத்தான் அம்மா இது சான்றிதழ் மாதிரி இருக்கு" என்றார். வங்கியிலும் அதையேதான் சொன்னார்களாம்.

அக்காவின் விசாரணையும் முடிந்தது. தாமதம் முறைப்படி மீட்கப்பட்டுவிட்டதால் அவள் யாரிடமும் எதுவும் வாங்கியிருக்க வாய்ப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. மாற்றல் ரத்தானது. வருஷக் கடைசியில் அலுவலகத்துக்கு இரண்டு கேடயங்கள் கிடைத்தன. லேப்டாப்பை வேகப்படுத்தியதற்காக ஒன்று. சான்றிதழ்களை ஆர அமர வழங்கியதற்காக ஒன்று. அதிகாரி இரண்டையும் சிறுத்தைக்குக் கீழே வைத்தார்.

வேலை இரட்டித்துவிட்டதால் அக்கா பழையபடி இருட்டின பிறகுதான் வீடு திரும்பினாள். லேப்டாப்பைக் குறை சொல்ல முடியாது. அது ஒவ்வொரு முறையும் உடனே திறந்துகொண்டு, அவள் எப்போது அழுத்துவாள் என்று சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பேய்மழை. வரிசைக்கு ஆளே வரவில்லை. அக்கா நனைந்துகொண்டே ஓடி வந்தாள். கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது. பாப்பா தூங்காமல், கணக்கு நோட்டின் மேல் கவிழ்ந்து, பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலேருந்து அப்படியே உட்கார்ந்திருக்கா அண்ணி" என்றாள் நாத்தனார் பெருமையோடு. "என்ன பொறுமை, பாருங்க. உங்களை மாதிரியே."

அக்கா ஈரப் புடவையோடு பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தாள். எல்லாக் கணக்கும் போட்டு முடித்திருந்தது. கடைசியில் கோடுகூடக் கிழித்தாகிவிட்டது.

"எப்போ முடிச்சே?"

"வந்த உடனே முடிச்சிட்டேன்."

"அப்போ இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்தே?"

பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லலாமா என்று யோசித்தாள். "வச்சிருந்தேன்" என்றாள். "உடனே காட்டினா நீ மறுபடியும் போடச் சொல்லுவே. இப்பக் காட்டினா நம்புவேதானே?"

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. பாப்பாவும் யார் யாரோடு பேசுகிறதில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். அக்கா கேட்டுக்கொண்டே நோட்டை ஒரு பார்வை பார்த்தாள். முதல் கணக்கு சரி. அடுத்ததும் சரி. அதற்கு அடுத்ததும் சரியாகவே இருந்தது. இவ்வளவு சீக்கிரம் போட்டது எல்லாமே எப்படிச் சரியாக இருக்கும்?

"ஒரு நிமிஷம் இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் கணக்கிலிருந்து போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஒரு தப்பும் இல்லை. அவள் நிம்மதியாக நோட்டை மூடிவிட்டுத் திரும்பியபோது, பாப்பா தோளிலேயே தூங்கிப் போயிருந்தாள்.